எதிர்க்கட்சித் தலைவரும் ஒரு டவுன் பஸ்ஸும்

நான் பி.ஏ. அரசியல் அறிவியல் படித்ததற்கு ஒரே காரணம், கலந்தாய்வில் என் முறை வந்தபோது அதுதான் மிச்சம் இருந்தது. வணிகவியல் காலையிலேயே தீர்ந்துவிட்டது. ஆங்கிலத்தை எனக்கு முன்னால் நின்றவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அரசியல் அறிவியல் இருக்கு. வேணுமா வேணாமான்னு சட்டுனு சொல்லும்மா, பின்னால ஆள் நிக்குது" என்றார். சாயங்காலச் சந்தையில் கடைசிக் கூறு கத்தரிக்காயை வாங்குவது போல அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஊர் ரெட்டிபாளையத்துக்கு முன்னால், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா சிமெண்டு மூட்டை ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளி. பொண்ணு என்ன படிக்கிறது என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டால் "அரசியல்..." என்று ஆரம்பிப்பார். பாக்கியைச் சொல்லி முடிப்பதற்குள் "எந்தக் கட்சிக்கு?" என்று கேட்டுவிடுவார்கள். சித்தப்பா முறையுள்ள ஒருவர், டிரான்ஸ்பார்மர் மாற்றித் தரச் சொல்லி எம்.எல்.ஏ.விடம் நான் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று முதல் வருடமே கேட்டுக்கொண்டார். இந்தப் படிப்புக்குக் கொஞ்சமாவது மரியாதை வாங்கித் தந்தவர் என் தாய்மாமன்தான். "குரூப் எக்ஸாமுக்கு நல்ல சப்ஜெக்ட்டு" என்று ஒரு கல்யாண வீட்டில் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து அம்மா எல்லோரிடமும் அதையே சொல்ல ஆரம்பித்தாள்.

கல்லூரி அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் இருந்தது. எங்கள் துறைத் தலைவர் தங்கமானவர். நோட்ஸ் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "கருத்துச் சுதந்திரம் என்பது ஒவ்வொரு குடிமகனுக்கும், எழுதியாச்சா, ஒவ்வொரு குடிமகனுக்கும், பின்னால என்ன பேச்சு, வாயை மூடிட்டு எழுது, அரசியலமைப்பு வழங்கியுள்ள உரிமை" என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். அந்த 'வாயை மூடிட்டு எழுது'வையும் சேர்த்து எழுதியவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு. தேர்வில் அதற்கும் மதிப்பெண் விழுந்ததாகத்தான் கேள்வி.

துறையில் மாணவர் மன்றம் என்று ஒன்று இருந்தது. துறைத் தலைவர் காலையில் இரகசிய வாக்கெடுப்பின் அவசியத்தைப் பற்றி நோட்ஸ் கொடுப்பார். மத்தியானம் மன்றச் செயலாளரைத் தானே அறிவிப்பார், ஒருமனதாக. "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் தாண்டி வராந்தாவில் பாதி தூரம் போய்விடுவார். இரண்டாம் வருடம் நான் ஒருமுறை அவசரமாகக் கையைத் தூக்கினேன். "சரி, போயிட்டு சீக்கிரம் வா" என்றார். எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தேன், வேறென்ன செய்ய.

இனி பஸ்ஸுக்கு வருகிறேன். எங்கள் ஊர் மெயின் ரோட்டில் சேரும் முக்கில் ஒரு நிழற்குடை உண்டு. திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி சொன்னவர் எல்லோருடைய பெயரும் கிரானைட்டில் பொறித்திருக்கும். உள்ளே நல்ல நிழல். ஊர் ஆடுகள் அத்தனையும் மத்தியானத்தில் அங்கேதான் படுக்கும். ஒரே ஒரு குறை, பஸ் நிற்காது. கேட்டால், நிழற்குடைதான் இருக்கிறதே தவிர பதிவேட்டில் நிறுத்தம் இல்லை என்பார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டோம். மனு கொடுத்தோம், மனுவுக்கு ரசீதும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு டவுன் பஸ் முன்பைவிட வேகமாகப் போக ஆரம்பித்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபிறகு, முக்கில் சேலையும் சுடிதாரும் தெரிந்தால் போதும், டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டு ரோட்டின் அந்தப் பக்கமாக ஒதுங்கிப் பறந்துவிடுவார்.

ஆக, காலையில் ரெட்டிபாளையம் வரைக்கும் நடந்து போய் பஸ் ஏற வேண்டும், சாயங்காலம் அங்கே இறங்கித் திரும்பி நடக்க வேண்டும். கூடவே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போகும். வீட்டுக்கு வந்து சேரும்போது தலை, புருவமெல்லாம் மாவு பூத்தது போல இருக்கும். நான் இரண்டு வருடம் இப்படித்தான் நடந்தேன். மூன்றாம் வருடம் என் தங்கச்சியும் அதே கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்தாள். அவள் மிச்சம் இருந்ததை வாங்கியவள் இல்லை, கேட்டு வாங்கியவள். ஆய்வகத்துக்கு என்று தைத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் நாள் வீடு முழுக்க நடந்தாள். ஊரில் அவளைக் கண்டால் "என்னம்மா டாக்டரு" என்பார்கள். என்னைக் கண்டால் டிரான்ஸ்பார்மர் என்ன ஆச்சு என்பார்கள்.

ஆவணி முடிகிற சமயம், ஒரு மழைச் சாயங்காலம். ரெட்டிபாளையத்திலிருந்து நாங்கள் இருவரும் ஓரமாக வந்துகொண்டிருந்தோம். உரசிக்கொண்டு போன ஒரு லாரியின் கொக்கியில் அவளுடைய துப்பட்டா மாட்டிக்கொண்டது. இழுத்த இழுப்பில் துணி கிழிந்தது, அதனால் ஆள் பிழைத்தாள். முழங்காலும் முழங்கையும் தேய்ந்து, சேற்றில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள். அழவில்லை. லாரிக்காரர் நிறுத்தவே இல்லை, அவருக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

அம்மா காயத்தைக் கழுவி மஞ்சளைப் பற்றுப் போட்டுவிட்டு, அடுப்படியிலிருந்தே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"சின்னவ நாளையிலிருந்து வூட்டுல இருக்கட்டும். முக்குல பஸ் நின்னா போகட்டும். நிக்கலன்னா படிச்சது போதும்."

"அப்ப நானு?" என்றேன்.

"நீ மூணாம் வருசம். பாதியில விட்டா ஊரு சிரிக்கும். அவ இப்பத்தான சேந்திருக்கா, விட்டாலும் ஒண்ணும் தெரியாது."

நான் வாதாடிப் பார்த்தேன். கல்வி உரிமை, சம வாய்ப்பு என்று நோட்ஸில் இருந்ததையெல்லாம் இறக்கினேன். "அந்த நோட்டுலயே பஸ்ஸு எப்ப நிக்கும்னு போட்டிருக்கா பாரு" என்றாள் அம்மா. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தங்கச்சி வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டு, மடித்து, எங்கள் பழைய டிரங்குப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அவள் கத்தி அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இந்த நிலையில்தான் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று செய்தி வந்தது. கல்லூரி ஒரே இரவில் பூந்தொட்டிகளால் நிறைந்தது. எல்லாம் வாடகைத் தொட்டிகள், தொடக்கூடாது என்று உத்தரவு. ஒவ்வொரு துறையும் ஏதாவது செய்து காட்ட வேண்டும். தாவரவியலுக்குச் செடி இருக்கிறது, வேதியியலுக்குப் புகை இருக்கிறது, எங்களிடம் என்ன இருக்கிறது? துறைத் தலைவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, மாதிரி நாடாளுமன்றம் நடத்தலாம் என்றார்.

மந்திரி சபை அரை மணி நேரத்தில் அமைந்தது. நல்ல உயரமும் வெள்ளை வேட்டி சட்டையும் வைத்திருந்தவன் பிரதமர் ஆனான். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்தவனின் அத்தா துபாயில் இருந்ததால் அவனுக்கு வெளியுறவுத் துறை. எறையூர்ப் பையன் தினமும் பஸ் படியில் தொங்கிக்கொண்டே வருகிறவன், ஆகவே போக்குவரத்துத் துறை. குரல் பெரிதாக இருந்த பெண் சபாநாயகர். இப்படியே மின்சாரம், மீன்வளம் வரைக்கும் போய், வகுப்பு மொத்தமும் ஆளுங்கட்சியாகிவிட்டது. எதிர்க்கட்சிக்கு ஒரு ஆளும் இல்லை.

"யாராவது எதிர்க்கட்சிக்கு வாங்கப்பா" என்று துறைத் தலைவர் கெஞ்சினார்.

"வூட்டுல திட்டுவாங்க சார்" என்றாள் ஒருத்தி.

"போட்டோவுல அந்தப் பக்கம் விழாதுங்க சார்" என்றான் மீன்வளம்.

அன்று காலை ரெட்டிபாளையம் வரைக்கும் தனியாக நடந்து போய், பஸ் ஏறி வந்திருந்தேன். அந்த எரிச்சலில் கையைத் தூக்கினேன். இந்தத் தடவை அவர் என்னைப் பாத்ரூமுக்கு அனுப்பவில்லை. மூன்று வருடத்தில் முதன்முறையாக ஒரு பதவிக்குப் போட்டி இல்லாமல், நிஜமாகவே ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் நான்தான்.

பேச வேண்டியது எல்லாவற்றையும் துறைத் தலைவரே எழுதிக் கொடுத்தார், எதிர்க்கட்சிக்கும் சேர்த்து. கல்லூரி வளாகத்தில் மழைநீர் சேகரிப்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்க வேண்டும். மிகச் சிறப்பாக இருக்கிறது என்று அமைச்சர் சொல்வார். "பதிலில் முழுத் திருப்தி அடைகிறேன், அவைத் தலைவர் அவர்களே" என்று சொல்லிவிட்டு நான் மேசையைத் தட்ட வேண்டும். விறுவிறுப்புக்காக ஒரு வெளிநடப்பும் இருந்தது. வெளியே போய், டீ குடித்து, குழுவுக்கு வணக்கம் சொல்லி, திரும்பி வந்து உட்கார வேண்டும். ஒத்திகையில் அந்த வெளிநடப்பை நான் நன்றாகச் செய்ததாக அவரே பாராட்டினார்.

குழு வந்த அன்று அரங்கில் நல்ல கூட்டம். வடக்கிலிருந்து வந்த மூன்று பேர் முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது, ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை தலையாட்டினார்கள். சபாநாயகர் என்னை அழைத்தாள். நான் எழுந்து மழைநீர்க் காகிதத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் வீட்டில் என் தங்கச்சி கடலைக்கொடியில் காய் ஆய்ந்துகொண்டிருப்பாள் என்பது ஞாபகம் வந்தது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

"அரியலூர் டவுன் பஸ் எங்கள் ஊர் முக்கில் ஏன் நிற்பதில்லை? நிழற்குடை எதற்குக் கட்டினீர்கள், ஆட்டுக்கா? பஸ் நிற்காததால் படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர் என்ன பதில் வைத்திருக்கிறார்?" என்று கேட்டேன். மைக் கொஞ்சம் அதிகமாகவே அலறியது.

துறைத் தலைவர் ஓரத்திலிருந்து கையைக் கையை ஆட்டினார். எறையூர்ப் பையன் எழுந்து நின்று திருதிருவென்று விழித்தான். அவனுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது ஒரே வசனம், அதுவும் "நன்றி" என்பதுதான். ஆனால் வேட்டி கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, முன்னால் 'போக்குவரத்துத் துறை அமைச்சர்' என்று பலகையும் இருந்தால் எவனுக்கும் வாய் தானாக வந்துவிடும் போலிருக்கிறது.

"எதிர்க்கட்சித் தலைவர் அவர்களின் கோரிக்கை ஏற்கப்படுகிறது. நாளை காலை முதல் ரெட்டிபாளையத்துக்கு முந்தைய நிழற்குடை முக்கில் பஸ் நின்று செல்லும். நிற்காத ஓட்டுநர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்" என்றான்.

அரங்கமே அதிர்ந்தது. குழுவில் இருந்த மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். துறைத் தலைவர் வேறு வழியில்லாமல் தானும் தட்டினார். நான் முழுத் திருப்தி அடையாமலேயே உட்கார்ந்தேன்.

மீன்வளத் துறை அதைச் செல்போனில் எடுத்து, அமைச்சர் பேசியதை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸில் போட்டது. நான் அதைத் தங்கச்சி சிரிக்கட்டும் என்று அனுப்பினேன். அவள் சிரித்துவிட்டு, தன் கூட்டாளி ஒருத்திக்கு அனுப்பினாள். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அது ஊர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று சுற்று சுற்றி முடித்திருந்தது. "நம்ம ஊருக்கு பஸ் ஆர்டர் ஆயிடுச்சு! அமைச்சரே சொல்லிட்டாரு!" என்று கீழே யாரோ எழுதியிருந்தார்கள். சித்தப்பா முறைக்காரர், அமைச்சர் ரொம்பச் சின்ன வயசாக இருக்கிறாரே, இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுப்பது நல்லதுதான் என்றார். போக்குவரத்து அமைச்சரின் முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அவர் வந்திருந்தால்தானே தெரிய.

மறுநாள் காலை முக்கில் திருவிழாக் கூட்டம். ஏரி வேலைக்குப் போகும் பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஆடுகளை விரட்டிவிட்டு நிழற்குடையைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அம்மாவும் வந்திருந்தாள். கூடவே தங்கச்சி, கையில் பை. பைக்குள் வெள்ளைக் கோட்டு.

இது நாடகம் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் தங்கச்சி அப்படியே திரும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதற்குள் பஸ் திருப்பத்தில் தெரிந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்ததும் வழக்கம்போல ஹாரன் அடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒதுங்கியது. பெண்கள் எல்லாம் ஓரத்தில் நின்று, நல்ல நம்பிக்கையோடு கை காட்டினார்கள். அம்மா மட்டும் நடு ரோட்டுக்குப் போய், பஸ் ஒதுங்கிய பக்கமே தானும் ஒதுங்கி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பிரேக் அடித்த சத்தத்தில் நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது பஸ்ஸுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது.

"சாவறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?" என்று டிரைவர் கத்தினார்.

"அமைச்சர் சொல்லிட்டாருங்க, இங்க நிக்கணுமாம்" என்றாள் அம்மா. பெண்கள் எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரே வீடியோ பத்து போனில் ஓடியது. நாலா பக்கமும் எறையூர்ப் பையன் கடும் நடவடிக்கை எடுத்துக்கொண்டிருந்தான்.

டிரைவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் வீடியோவைப் பார்த்தார். "இவருதான் மினிஸ்டரா?" என்று டிரைவர் மெதுவாகக் கேட்டார். "மாத்திட்டாங்களோ என்னவோ, நான் பேப்பர் பாக்கலண்ணே" என்றார் கண்டக்டர். பிறகு அவர் டிப்போவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை. ஆர்டர் ஒன்றும் வரவில்லை, ஆனாலும் எதுக்கும் நிறுத்திவிட்டே போங்கள் என்று சொல்லிவிட்டார். மூன்று வருடம் நோட்ஸ் எழுதியும் எனக்குப் பிடிபடாத நிர்வாகத் தத்துவம் அந்த 'எதுக்கும்' என்ற ஒரு சொல்லில் இருந்தது.

பஸ் நின்றது. தங்கச்சி ஏறினாள். மறுநாளும் நின்றது. ஒரு வாரம் நின்ற பிறகு, அங்கே எப்போதுமே நிற்கும் என்பது போல எல்லோரும் நடந்துகொண்டார்கள்.

துறைத் தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அக மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டதாகச் சொன்னார். "மீறிப் பேசுனதுக்கு இல்லம்மா. டவுன் பஸ் மாநிலப் பட்டியல்ல வர்றது. அதை நாடாளுமன்றத்துல கேக்கலாமா? மூணாம் வருசத்துப் பொண்ணு, இதுகூடத் தெரிய வேணாமா?" என்று வருத்தப்பட்டார். அவர் சொன்னது சரிதான். அந்தப் பஸ்ஸை நிறுத்த எறையூர்ப் பையனுக்கு மட்டுமல்ல, நிஜமான மத்திய அமைச்சருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் குழுவுக்கு அனுப்பிய அறிக்கையில், 'துறையின் முயற்சியால் கிராமத்துக்குப் பேருந்து வசதி' என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. பிரதமருக்கும் அமைச்சர்களுக்கும் நடுவில் நின்று அவர் எடுத்துக்கொண்ட படமும் இருந்தது. எதிர்க்கட்சி அந்தப் படத்தில் விழவில்லை.

தை மாதம் நிழற்குடைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பிளக்ஸ் முளைத்தன. 'அயராது போராடி பேருந்து நிறுத்தம் பெற்றுத் தந்த அண்ணன்' என்று ஒன்று. அதே வாசகம், வேறு அண்ணன், வேறு நிறக்கரை வேட்டி என்று இன்னொன்று. அன்று காலை நானும் அம்மாவும் தங்கச்சியும் நின்றுகொண்டிருந்தோம். அம்மா இரண்டையும் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏண்டி, மீச மொளைக்காத அந்தப் பய படத்த ஒருத்தனும் போடல? பாவம், அவன்தான கத்துனான்" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். "எந்தப் பய?"

"அதான், உங்கூடப் படிக்கிறவன். போன வருசம் டூர் போன போட்டோவுல உனக்குப் பின்னால நிக்கிறானே. அமைச்சராம் அமைச்சரு."

"ஏம்மா, தெரிஞ்சேவா அன்னைக்கு பஸ்ஸுக்குக் குறுக்க போயி நின்ன? அந்தாளு பிரேக் அடிக்கலன்னா என்ன ஆயிருக்கும்?"

தூரத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது. அம்மா தங்கச்சியின் பையை வாங்கி, வெளியே துருத்திக்கொண்டிருந்த வெள்ளைக் கோட்டை உள்ளே அமுக்கிக் கொடுத்தாள்.

"நெசம்னு நெனச்சிருந்தா மத்தவளுவ மாரி ஓரமா நின்னு கை காட்டியிருப்பேன்டி. பொய்யின்னு தெரிஞ்சதாலதான் குறுக்க நின்னேன்" என்றாள்.

அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் பஸ் நின்றுவிட்டது. "ஏறுங்கடி, நிக்கிறப்பவே ஏறுங்க" என்று எங்கள் இருவரையும் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.